அம்மாவுக்கு முதல் துண்டு

தக்கலையைச் சுற்றிப் புதிதாக எழும்பிய வீடுகளில் பாதிக்கு மேல் தன் கை ஒட்டிய டைல்ஸ் தரைதான் என்று ஜெபிஷ் சொல்லுவான். கால்வாசி என்று நாம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கால்வாசியில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியாது. நடுக்கூடத்தில் கோலிக்காயை வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கும். குளியலறையில் தண்ணீரை ஊற்றினால் அது போக வேண்டிய ஓட்டைக்கு வழி கேட்காமல் போகும். அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் நேராக வகிடு எடுக்கத் தெரியவில்லை. ஜெப்சி மஸ்கட்டுக்கு வண்டியேறிய மறுநாள் காலையில்தான் அது அவனுக்குத் தெரிந்தது.

ஜெப்சி அவன் மனைவி, நர்ஸ். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது மூத்தவள் பெனிட்டா எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தாள். இளையவள் ஹன்னாவுக்குச் சுவரைப் பிடித்து நிற்கத்தான் தெரியும். போக வேண்டாம் என்று சொல்ல ஜெபிஷுக்கு வாய் வரவில்லை. போ என்று சொல்லவும் வரவில்லை. விசா வந்தது, அவள் போனாள். அவ்வளவுதான். குமரி மாவட்டத்தில் இது ஒரு செய்தியே கிடையாது. அவர்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் அம்மாக்கள் அக்கரையில்தான் இருந்தார்கள்.

கேக் செய்யும் யோசனை ஜெப்சியுடையது. "ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்ததும் போன் போடுங்க. நான் இங்கேருந்து சொல்லித் தாறேன், நீங்க பிள்ளையளயும் கூட நிறுத்தி ஒரு கேக்கு செய்யுங்க. என்னத்தையாவது சேர்ந்து செஞ்சாத்தான் பிள்ளையள் என்னை மறக்காது, கேட்டியளா?"

"எனக்கு முட்டைய அவிக்கவே தெரியாது பிள்ளே."

"டைல்ஸ் ஒட்டப் பசை கலக்கத் தெரியும்லா? அதேதான், முட்டைய மட்டும் கூட போடணும்."

அவள் விளையாட்டாகச் சொன்னதை அவன் நிஜமாகவே எடுத்துக்கொண்டு, பசை கலக்குகிற டிரில் மிஷினை அடுக்களைக்குத் தூக்கி வந்தான். "அந்த எளவ வெளிய கொண்டு போங்க!" என்று மஸ்கட்டிலிருந்து ஜெப்சி போட்ட கூச்சல் எதிர்வீட்டு ராஜபாய் சித்தி வரைக்கும் கேட்டது. முதல் கேக் மேலே கருகி நடுவில் களியாக இருந்தது. இரண்டாவது, பாத்திரத்தை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. பிறகு மெல்ல மெல்லக் கை வந்தது. வீட்டில் ஓவன் கிடையாது. அடிகனமான அலுமினியச் சருவத்தில் வேலைக்கு வந்த மணலைச் சலித்து, கழுவி, காயவைத்துக் கொட்டினான். அதன்மேல் கேக் பாத்திரத்தை இறக்கி மூடிப் பையத் தீ எரித்தான். நன்றாகக் கனிந்த மட்டி வாழைப்பழமும் கருப்பட்டிப் பாகும்தான் அவர்கள் கேக்குக்கு. வெந்து கவிழ்த்ததும், தரைக்கு மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து மேலே வைத்துப் பார்ப்பான். குமிழி நடுவில் நின்றால் பெனிட்டா கைதட்டுவாள்.

சனிக்கிழமைகளில் வேறு வேலை. கேக்கின்மேல் குத்திவைக்க ஏதாவது செய்ய வேண்டும் என்பது பெனிட்டாவின் சட்டம். முட்டை அட்டையை வெட்டிப் பூ செய்வார்கள். டைல்ஸுக்கு இடையில் வைக்கிற கூட்டல்குறி மாதிரியான பிளாஸ்டிக் துண்டுகளை ஜெபிஷ் சட்டைப்பையில் அள்ளிக்கொண்டு வருவான். பிள்ளைகள் அதை நூலில் கோத்து மாலை கட்டுவார்கள். பிஸ்தா ஓட்டில் மீன், வர்ணத்தாளில் கொடி, ஈர்க்கில் குடை. வேலையிடத்தில் கூட நிற்கிறவர்கள், "ஏலே, நீ மேஸ்திரியா, அங்கன்வாடி டீச்சரா?" என்று கேலி செய்தார்கள். செய்தால் செய்யட்டும் என்று விட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த அடுக்களையில் அவன் வீடு முழுசாக இருந்தது. அதற்கு ஈடாக எந்தக் கேலியையும் அவன் தாங்கிக்கொள்வான்.

இதற்கென்றே ஒரு போன் இருந்தது. ஜெப்சி விட்டுப்போன பழைய போன், ஒரு மூலையில் கீறல். அதை மிளகாய்ப்பொடி டப்பாவில் சாய்த்து வைத்துத்தான் எல்லாம் நடக்கும். அதற்கு முதலில் 'அம்மாவுக்க போன்' என்றுதான் பெயர். நாளடைவில் பேச்சு சுருங்கிவிட்டது. "அம்மாவ சார்ஜில போட்டியா?" "அம்மாவ கீழ போடாத மக்கா." "அம்மா எங்க? கட்டிலுக்கு அடியில பாரு." ஹன்னா அழும்போது "இந்தா, அம்மாவ வச்சுக்கோ" என்று ஜெபிஷ் அதைக் கையில் கொடுப்பான். அதற்குள் பழைய வீடியோக்கள் இருந்தன. பிள்ளை அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அடங்கிவிடும். வேலைக்குப் போய் வந்து, சோறு வைத்து, துணி துவைத்து அலுத்துக் கிடந்தவனுக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது. அவன் செய்தது என்ன என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

ஊட்டுகிற வழக்கத்தை ஹன்னாதான் கொண்டுவந்தாள். நடக்கத் தொடங்கிய புதிதில் ஒருநாள், கையிலிருந்த கேக் துண்டைத் திரையில் தெரிந்த அம்மா வாயில் வைத்து அழுத்தினாள். ஜெப்சி அங்கே வாயைத் திறந்தாள், மென்றாள், "ம்ம், கொள்ளாம்!" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து முதல் துண்டு அம்மாவுக்கு. அதைக் கொடுக்க வேண்டியது ஹன்னா. வேறு யாரும் தொடக்கூடாது. ஊட்டி முடிந்ததும் ஜெபிஷ் கைலி நுனியால் திரையைத் துடைப்பான்.

"உள்ள போச்சா அப்பா?"

"போயாச்சு மக்கா."

கேக் தூள் போய் அடைத்து, போனிலிருந்து வருகிற சத்தம் மூக்கடைத்த மாதிரி ஆகிவிட்டது. தக்கலையில் கடையில் கொடுத்தபோது ஊசியால் நோண்டிய பையன், "அண்ணே, போனுக்குச் சோறு ஊட்டுதியளா?" என்றான்.

"சோறு இல்லடே, கேக்கு" என்றான் ஜெபிஷ். கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

ஒரே ஒரு தடவை ஹன்னா அவன் கைலியைப் பிடித்து உற்றுப் பார்த்தாள். அதில் ஈரமாகக் கேக் ஒட்டியிருந்தது. "அப்பா, கேக்கு உள்ள போகல்லயே. உங்க கைலிலேல்லா இருக்கு" என்றாள். அவன் பேச்சை மாற்றிவிட்டான்.

ஜெப்சிக்கு லீவு கிடைக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு மாச லீவு. அதைக் கேட்டதும் வீடு தலைகால் தெரியாமல் ஆடியது. ஜெபிஷ் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, ஜெப்சி முன்பு அனுப்பிய சாமான் வந்த பெரிய அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு விமானம் செய்தான். ஹன்னா உள்ளே உட்கார்ந்துகொள்ளும் அளவுக்குப் பெரிசு. இறக்கை இரண்டும் மட்டம் பிசகாமல் நின்றன. பெனிட்டா வர்ணம் அடித்தாள். முன்பக்கம் ஒரு ஜன்னல் வெட்டி, அதில் அம்மா போனைச் செருகும்படி வைத்தான். "அம்மா பிளேன்ல வாறா பாரு!" என்று காட்டியபோது ஹன்னா குதித்த குதியில் அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதைவிட நன்றாக ஒரு அப்பனால் செய்துவிட முடியாது என்று நினைத்தான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அத்தனை மட்டம் பார்த்தவன், அந்த ஜன்னலை வெட்டிய இடத்தில்தான் பிசகினான்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு விமானத்தைத் தூக்கிக்கொண்டே போனார்கள். போன் இருண்டு கிடந்தது. "அம்மா உறங்குதாவ" என்று ஹன்னா காரில் எல்லோரையும் மெல்லப் பேசச் சொன்னாள். ஜெப்சி வெளியே வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், முடி குறைந்திருந்தது. பெனிட்டா ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஜெப்சி பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, முட்டி போட்டு, இரண்டு கையையும் நீட்டினாள்.

"மக்கா... ஹன்னா மோளே... அம்மா வந்துட்டேன்டி."

ஹன்னா ஜெபிஷின் பின்னால் போய் நின்றுகொண்டாள். நீட்டிய கையைப் பார்த்தாள். பிறகு அட்டை விமானத்தின் ஜன்னலைப் பார்த்தாள். அம்மா உள்ளேதான் இருந்தாள், உறங்கிக்கொண்டு.

"ஆன்ட்டிக்கு ஒரு ஹலோ சொல்லு" என்று பழக்கிய மாதிரி, யாரும் சொல்லாமலே, "ஹலோ ஆன்ட்டி" என்றாள் பிள்ளை. நல்ல மரியாதையான பிள்ளை. ஜெபிஷ் வளர்த்த பிள்ளை.

ராஜபாய் சித்தி பார்க்க வந்து, "எல்லாம் சரியாவும் பிள்ளே. ரெண்டு நாளு பொறு, பொறவு உன் முந்தானைய விடாது" என்றாள். ஜெப்சியும் அதையே நம்பினாள். இரண்டு நாள் நான்கு நாளாகி, வாரமாகியது. ஹன்னா ஆன்ட்டியிடம் சண்டைக்குப் போகவில்லை. ஆன்ட்டி கொண்டுவந்த கவுனைப் போட்டுக்கொண்டாள், ஆன்ட்டி எடுத்த வகிடு நேராக இருந்ததைக் கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். உறங்கும்போது மட்டும் போனைக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். "அம்மா ஏன் பேச மாட்டேங்காவ? அம்மாவுக்கு டியூட்டியா?" என்று அப்பாவிடம் கேட்பாள். அம்மா பக்கத்தில் அதே பாயில் படுத்திருப்பாள்.

"நான்தானே மக்கா அம்மா. என் மூஞ்சிய பாரு" என்று ஜெப்சி எத்தனையோ தடவை சொன்னாள். ஹன்னா பார்ப்பாள். பெரியவர்கள் ஏதோ விளையாடுகிறார்கள் என்று சிரிப்பாள். பெனிட்டாவுக்குக் கோபம் வந்து, "ஏட்டி, இதுதாண்டி அம்மா, மண்டூகம்!" என்று தலையில் குட்டினாள். பிள்ளை அழுதுகொண்டே போனைத் தேடி ஓடியது.

ஒருநாள் ஜெபிஷ் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டான். சனியன் ஒழியட்டும் என்று தோன்றிவிட்டது. ஹன்னா வீடெல்லாம் தேடினாள். கட்டிலுக்கு அடியில், அட்டை விமானத்துக்குள், கோழிக்கூட்டில்கூட. "அம்மாவ காணல்ல, அம்மாவ காணல்ல" என்று விக்கி விக்கி அழுதபோது, அம்மா வாசல்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஜெப்சியே எழுந்து போய் அரிசிக்குள் கையை விட்டு அதை எடுத்து, ஊதித் துடைத்து, பிள்ளை கையில் கொடுத்தாள்.

"நீங்கதான் இப்பிடி ஆக்கி வச்சிய" என்றாள் அவனிடம். "அதுக்கு அம்மான்னு பேரு வச்சது யாரு? நானா?"

"ஊட்டுனப்ப வாயத் தொறந்தது யாரு?" என்று அவன் திருப்பிக் கேட்டான். கேட்டிருக்கக் கூடாது. ஜெப்சி முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். யாரைச் சொல்லி என்ன? அவரவர் தங்களால் முடிந்ததைத்தான் செய்தார்கள்.

கேக் செய்தால் சரியாகும் என்று ஜெப்சி கணக்குப் போட்டாள். நாகர்கோவிலுக்குப் போய் ஒரு ஓவன் வாங்கி வந்தாள். பாதாம், டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் போட்டு, பஞ்சு மாதிரி ஒரு கேக் எடுத்தாள். பெனிட்டா நாலு துண்டு தின்றாள். ஹன்னா முகர்ந்து பார்த்தாள். "இது அம்மா சொல்லித் தந்த கேக்கு இல்ல" என்று தட்டைத் தள்ளிவைத்தாள். ஜெப்சி அந்தக் கேக்கை மூடி ராஜபாய் சித்தி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். ஓவன் அதன்பிறகு சுவிட்ச் போடாமல் கிடந்தது.

லீவு முடிய மூன்றோ நான்கோ நாள்தான் இருந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வந்ததும் ஜெபிஷ் பழைய சருவத்தை எடுத்து மணலைக் கொட்டினான். ஜெப்சி மட்டிப்பழத்தைப் பிசைந்தாள், கருப்பட்டியைப் பாகு காய்ச்சினாள். பெனிட்டா முட்டை அட்டைப் பூக்களை எடுத்துவைத்தாள். ஹன்னா ஸ்டூலில் ஏறி நின்று, போனை மிளகாய்ப்பொடி டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டுக் காத்திருந்தாள். கேக் வெந்தது, கவிழ்ந்தது, குமிழி நடுவில் நின்றது. ஜெபிஷ் வெட்டினான்.

ஜெப்சி கடைசியாக ஒரு தடவை முயன்று பார்த்தாள். ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, வாயைத் திறந்தாள். அதே மாதிரி, போனுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து திறப்பாளே, அதே மாதிரி.

ஹன்னா துண்டைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "இது அம்மாவுக்கு ஆன்ட்டி. முதல் துண்டு அம்மாவுக்கு. உங்களுக்குப் பொறவு தாறேன், என்னா?" சமாதானம் செய்கிற குரலில் சொன்னாள். பிறகு போனைப் பார்த்தாள். கறுத்த கண்ணாடி. உதடு பிதுங்கியது. "அப்பா, அம்மா வரல்லியே. இத்தன நாளா வரல்லியே அப்பா."

ஜெபிஷ் ஜெப்சியைப் பார்த்தான். ஜெப்சி நிமிர்ந்தாள். கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் எதற்குப் போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, விசா வந்த அன்றைக்கு மாதிரியே.

போன் அடித்தது.

"அம்மா!" ஹன்னா போட்ட சத்தத்தில் பெனிட்டா காதைப் பொத்தினாள். திரையில் ஜெப்சி. தலைக்குப் பின்னால் அவர்கள் வீட்டு அலமாரி. அதையெல்லாம் பிள்ளை பார்க்கவில்லை. "அம்மா! எங்க போனிய? டியூட்டியா? நான் புது கவுன் போட்டிருக்கேன் பாத்தியளா?"

"பாத்தேன் மக்கா. நல்லாருக்கு. ஆரு வாங்கித் தந்தா?"

"இங்க ஒரு ஆன்ட்டி வந்திருக்காவ. அவிய தந்தாவ."

"அந்த ஆன்ட்டி எப்பிடி?"

ஹன்னா யோசித்தாள். "கொள்ளாம்" என்றாள். பிறகு போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, ரகசியமாக, "அவிய எப்ப போவாவ அம்மா?" என்றாள்.

ஜெப்சியின் முகம் திரையில் கொஞ்ச நேரம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டது என்று பெனிட்டா நினைத்தாள்.

"வியாழக்கிழமை போயிருவாவ மக்கா."

"பொறவு நீங்க டெய்லி வருவியளா?"

"வருவேன்."

"சரி, ஆ காட்டுங்க."

ஜெப்சி ஆ காட்டினாள். ஹன்னா துண்டைத் திரையில் வைத்து அழுத்தினாள். கண்ணாடியெல்லாம் அப்பிக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெப்சி வெறும் வாயை மென்றாள். ஜெபிஷ் கைலி நுனியால் துடைத்தான். துடைத்தபின், ஹன்னா இன்னொரு துண்டை ஒரு தட்டில் வைத்து, ஒரு முட்டை அட்டைப் பூவையும் குத்தி, அவனிடம் நீட்டினாள். "இது ஆன்ட்டிக்கு. கொண்டு குடுங்க அப்பா. பாவம்லா."

தட்டோடு அவன் அறைக்குள் போனான். ஜெப்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். போனை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள், அதில் ஹன்னாவின் மூக்கு பெரிதாகத் தெரிந்தது. கண்ணீர் கன்னத்தில் ஓடியது, வாய் மட்டும் சிரித்தபடி இருந்தது. தட்டைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். என்ன செய்ய என்று அவனிடம் கண்ணால் கேட்டாள். பூவைப் பிடுங்கிக் கட்டிலில் வைத்துவிட்டு, துண்டைப் பிய்த்து அவனே அவள் வாயில் வைத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். மென்றாள், விழுங்கினாள்.

அடுக்களையில் ஸ்டூல் தடாலென்று சாய்ந்த சத்தம் கேட்டது. கூடவே ஹன்னாவின் குரல், போனிலிருந்தும் சுவருக்கு அப்பாலிருந்தும் இரண்டாக வந்தது.

"அக்கா, ஓடி வா! அம்மா மெய்யா தின்னுதாவ! கேக்கு உள்ள போயிட்டு அக்கா, கேக்கு உள்ள போயிட்டு!"